பக்கவாத்தியம்: முதுகு

சங்கீத உலகத்தில் வாயால் பேர் வாங்கியவர்கள் உண்டு, விரலால் பேர் வாங்கியவர்களும் உண்டு. முதுகால் பேர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் தென்காசியில் குடை விற்றுக்கொண்டிருந்தார்.

நிஜப் பேர் என்னவென்று யோசித்தால் எனக்கே ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. ஊருக்கெல்லாம் அவர் மூணேகால் அண்ணாச்சி. அந்தக் காலத்து அரக்கு கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணேகால் நிமிஷப் பாட்டுதான் கொள்ளும். அதற்கு மேல் பாடினால் ஊசி போய் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் முட்டும். அந்தக் கணக்கு அண்ணாச்சியின் ரத்தத்தில் ஏறிவிட்டது. துட்டி வீட்டுக்குப் போனால் மூணேகால் நிமிஷம் உட்கார்ந்து துக்கம் விசாரித்துவிட்டு எழுந்துவிடுவார். கல்யாண வீட்டில் பெரிய மனிதர் யாராவது வாழ்த்திப் பேச ஆரம்பித்தால் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுப்பார். நேரம் ஆனதும், "தட்டு முடிஞ்சுது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். அவர் சம்சாரத்தை நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். மதினி திட்டும்போது மட்டும் கடிகாரம் வெளியே வராது. "அவ ரெண்டு பக்கமும் பாடுவா" என்று சொல்லிவிட்டு அடக்கமாக நிற்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாள் பட்டணத்திலிருந்து வந்த மரப்பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ள அவர் வந்தார். ரசீதைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார் என்று பார்த்தால், தரையில் மண்டி போட்டுப் பெட்டியின் மேல் காதை வைத்தார். பிறகு மூடியைப் பிரித்து ஒவ்வொரு தட்டாக எடுத்து, சந்தையில் பானை வாங்குகிறவர் மாதிரி விரலால் சுண்டிப் பார்த்தார். நல்ல தட்டு 'ணங்' என்றது. கீறல் விட்டது 'டொக்' என்றது. பதினாறு தட்டு டொக். அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, உங்க லாரிக்காரருக்குப் பாட்டு பிடிக்காதோ?" என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். இப்படிக் கேட்டதால் அன்று முதல் அவருக்கு நான் அடிமை.

அந்தத் தட்டுகளெல்லாம் அவருடைய சொந்தக் கம்பெனித் தட்டுகள். சாரல் ரிக்கார்டு கம்பெனி என்று பேர். குரங்கு ஒன்று குடை பிடித்துக்கொண்டு நிற்பதுதான் மார்க். ஒரே மை போதும் என்று அச்சடித்ததில் குரங்கும் பச்சை, குடையும் பச்சை. கம்பெனிக்குக் கட்டடம் கிடையாது. குடைக்கடையின் பரண்தான் கம்பெனி. அங்கே கைப்பிடி கழன்ற குடைகளுக்கு நடுவில் ஒரு கிராமபோன் பெட்டியும் எழுபது எண்பது தட்டுகளும் இருக்கும்.

இதற்குப் போட்ட முதல் எங்கிருந்து வந்தது என்றால், மேற்கேயிருந்து வந்தது. குற்றாலத்தில் சாரல் பிடித்தால் தென்காசியில் குடை விற்கும். குடை விற்றால் அந்த வருஷம் ஒரு தட்டு வரும். ஆனி மாதம் பிறந்ததும் அண்ணாச்சி தெருவில் இறங்கி மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விவசாயிகளும் நிற்பார்கள், லாட்ஜ் வைத்திருப்பவர்களும் நிற்பார்கள். சங்கீதத்துக்காக மேகம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

குடை வியாபாரத்தையும் தட்டு வியாபாரத்தையும் அவர் ஒப்பிட்டுச் சொல்வதைக் கேட்க வேண்டும். குடை என்றால் கம்பி, துணி, பிடி. மூன்றோடு முடிந்தது. தட்டு என்றால் பாடுகிறவருக்குச் சம்பாவனை, அவரைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போக ரயில் சார்ஜ், கூட வருகிறேன் என்று ஒட்டிக்கொள்ளும் மைத்துனருக்கும் ரயில் சார்ஜ், ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. முதல் தட்டை வெட்ட ஒரு கூலி, அதிலிருந்து அச்சு எடுக்க ஒரு கூலி. முந்நூறு தட்டுக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்பான் கம்பெனிக்காரன். ஊரில் முந்நூறு கிராமபோன் இருக்கிறதா என்று அவன் கேட்க மாட்டான். அப்புறம் குரங்குக்கு அச்சுக்கூலி, காகித உறை, லாரி வாடகை, எங்கள் லாரிக்காரரின் ரசனைக்குப் பலியானவை. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சியதை, பாடியவரின் சொந்தக்காரர்கள் ஓசியில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

சொந்தக்காரர்களிடம் கிராமபோன் இருக்காது. அது அவர்களுக்கு ஒரு குறையாகவே தோன்றாது. ஒருமுறை சிவகிரியில் ஒரு வீட்டுக்குப் போனபோது அவருடைய தட்டு மோர்ப்பானைக்கு மூடியாக இருப்பதை அண்ணாச்சி பார்த்துவிட்டார். கோபித்துக்கொள்வார் என்று வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அண்ணாச்சி தட்டை எடுத்து வேட்டியால் துடைத்து, திருப்பிப் பார்த்து, "பாட்டுப் பக்கம் மேல இருக்கட்டும், மோர் ஆவி பட்டா கோடு கெட்டுப்போவும்" என்று சொல்லித் திரும்ப அதே பானையின் மேல் வைத்துவிட்டு வந்தார். தட்டுக்கு இரண்டு பக்கமும் பாட்டு என்பது அவருக்கு வழியில் பஸ்ஸில்தான் உறைத்தது. இறங்கித் திரும்பிப் போகிறேன் என்றவரை நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

அவருடைய முதல் தட்டு ஒரு பாகவதருடையது. பாகவதர் கண்ணை மூடி ஆலாபனை ஆரம்பித்தார். கண்ணைத் திறந்தபோது மூணேகால் நிமிஷம் முடிந்திருந்தது. சரி, பாட்டை மறு பக்கத்தில் பாடுங்கள் என்றார்கள். மறு பக்கத்தில் அவருக்கு வேறொரு ராகம் தோன்றிவிட்டது. பாட்டே இல்லாத பாட்டுத் தட்டை உலகத்தில் முதலில் வெளியிட்டது நம் சாரல் கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது தட்டு ஒரு நையாண்டி மேளம். ஒன்பது பேர் போனார்கள், பதினெட்டுப் பேர் சாப்பாடு சாப்பிட்டார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேசினால் மதினிக்கு இன்றைக்கும் பிடிக்காது என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான்காவது சுடலைமுத்து.

சுடலைமுத்துவுக்கு ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. குளிக்க வருகிறவர்களைப் பாறையில் உட்கார வைத்து, தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்து, முதுகில் இரண்டு கையாலும் தட்டுவான். தட்டும்போது பாடுவான். எல்லாம் அவனே கட்டிய பாட்டு. பண்பொழி மலை முருகன் கோயில் படி ஏறும் பாட்டு ஒன்று உண்டு. படி ஏற ஏறப் பாட்டுக்கும் மூச்சு வாங்கும். ஐந்து கிளையாக விழுகிற அருவிச் சத்தத்துக்கு மேல் அவன் குரல் தனியாகக் கேட்கும். ஒரு நாள் அண்ணாச்சி எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போய், குளிக்க மறந்து, எண்ணெய் வழிய வழிய அப்படியே தென்காசிக்கு வந்து எங்கள் ஆபீஸுக்குள் நுழைந்தார். பில் புத்தகமெல்லாம் எண்ணெய். "கெடச்சுட்டாம்லே" என்றார்.

அந்த வருஷம் அவர் செய்தது பைத்தியக்காரத்தனம். சீசனுக்குக் குடைச் சரக்கு எடுக்க வைத்திருந்த முதல் முழுவதையும் சுடலைமுத்து மேல் போட்டார். விஷயம் தெரிந்ததும் மதினி இரண்டு பக்கமும் பாடி முடித்து, கடைசியில் நிதானமாக ஒரு பேச்சுச் சொன்னார். கடை மதினியின் அப்பா கொடுத்தது. இந்தத் தட்டு விற்றால் கம்பெனி இருக்கட்டும். விற்காவிட்டால் இதோடு கம்பெனியை மூடிவிட வேண்டும். அண்ணாச்சி சரி என்று தலையாட்டினார். விற்காமல் போகும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

பட்டணத்துக்கு நானும் கூடப் போனேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் மிருதங்கக்காரர் ஒருவர் சந்தனப் பொட்டோடு தயாராக உட்கார்ந்திருந்தார். சுடலைமுத்து மைக் முன்னால் நின்றான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கொடுத்தோம். மிளகு கொடுத்தோம். வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவன் கூச்சத்தோடு அண்ணாச்சியின் காதில் சொன்னான்: "கைக்கு ஒரு முதுகு இல்லாம எனக்குப் பாட்டு வராது அண்ணாச்சி."

தலையணை கொண்டுவந்து வைத்தார்கள். தட்டிப் பார்த்துவிட்டு, இதில் எலும்பு இல்லை என்றான். மிருதங்கக்காரரைப் பார்த்தோம். அவர் தன் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார்கள். என் முதுகு அந்தக் காலத்தில் தலையணையைவிட மோசம், எலும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அண்ணாச்சி சட்டையைக் கழற்றினார். நாற்பது வருஷம் நல்ல சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த அகலமான முதுகு. தரையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தார். சுடலைமுத்து மடியிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தான்.

நான்கு தடவை எடுத்தார்கள். ஒரு தடவை எண்ணெய் போதாமல் சத்தம் வறண்டு கேட்டது. ஒரு தடவை அடி பலமாக விழுந்து அண்ணாச்சி 'அம்மா' என்றுவிட்டார். நான்காவது தடவை எல்லாம் கூடி வந்தது. கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து அடி வாங்கியபடியே, மூன்று நிமிஷம் ஆனதும் அண்ணாச்சி ஒரு விரலை உயர்த்த, சுடலைமுத்து மலை உச்சிப் படியில் கொண்டுபோய்ப் பாட்டை நிறுத்தினான். மிருதங்கக்காரர் முழுச் சம்பாவனையும் வாங்கிக்கொண்டார். பேர் மட்டும் போடக்கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதனால் தட்டில் 'பக்கவாத்தியம்: முதுகு' என்று அச்சடித்தோம். அண்ணாச்சி தென்காசி வரை ரயிலில் முதுகைச் சாய்க்காமலே வந்தார். வழியெல்லாம் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மாப்பிள்ளைமார் முகத்தில்கூடப் பார்த்ததில்லை.

தட்டு வந்தது. எங்கள் லாரிக்காரருக்கு அபூர்வமாக இந்தப் பாட்டு பிடித்துவிட்டது போலும், ஒன்பதுதான் டொக். கடையில் வாங்கிப் போனவர்கள் இரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். தட்டில் பழுது, பாட்டு நெடுக டப் டப் என்று அடிக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். அது பழுது இல்லை, தாளம் என்று அண்ணாச்சி சொல்லிப் பார்த்தார். நம்பாதவர்களிடம் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்று, "அடிச்சுப் பாரும் வே, அதே சத்தம் வருதா இல்லியான்னு" என்பார். சிலர் அடித்துப் பார்த்தார்கள். ரேஷன் கடைக்காரர் ஒருவர் மூன்று முறை வந்தார். அவருக்குச் சந்தேகம் தீராமல் வந்தாரா, அடிக்க வந்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்த வருஷம் பார்த்துச் சாரல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பத்து வருஷத்தில் அப்படி ஒரு சீசன் இல்லை என்றார்கள். அண்ணாச்சி கடையில் பன்னிரண்டு குடை இருந்தது. அது முதல் நாளே போய்விட்டது. அப்புறம் நனைந்துகொண்டு குடை கேட்டு வந்தவர்களிடம் எல்லாம் அவர், குடை இல்லை, நல்ல பாட்டு இருக்கிறது என்றார். வந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள்.

ஐந்தருவி டீக்கடையில் ஒரு தட்டு கொடுத்து வைத்திருந்தோம். டீக்கடைக்காரர் அதை ஓயாமல் போட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்தது. யார் பாடினது என்று விசாரித்தார்கள். இதோ இருக்கிறானே என்று டீக்கடைக்காரர் கையைக் காட்டினார். அங்கேதான் எங்கள் தலையில் இடி விழுந்தது. தட்டின் விலை இரண்டே முக்கால் ரூபாய். சுடலைமுத்துவிடம் முதுகைக் கொடுத்தால் எட்டணா. அதே பாட்டு, அதே குரல். எண்ணெயும் உண்டு, உடம்பு வலியும் போகும், பாட்டு மூணேகால் நிமிஷத்தில் நிற்கவும் நிற்காது. எந்த மடையன் தட்டு வாங்குவான்? சுடலைமுத்து முன்னால் வரிசை நின்றது. கடையில் தட்டெல்லாம் அப்படியே அடுக்கி இருந்தது. சொந்தப் பாடகனே போட்டிக் கம்பெனி ஆகிவிட்டான்.

மதினி விதித்த நிபந்தனை சுடலைமுத்து காதுக்கும் போயிற்று. கொண்டுபோனவன் நான்தான், இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. மறுநாள் ஐந்தருவிக்குப் போன ஒருவர் வந்து, சுடலைமுத்துக்குத் தொண்டை கட்டிவிட்டதா, வாயைத் திறக்காமல் முதுகைத் தட்டுகிறானே என்று கேட்டார். அடுத்த நாளும் அதே செய்தி. பாட்டுக்காக வந்தவர்கள் பக்கத்துப் பாறையில் எண்ணெய் தேய்ப்பவனிடம் நகர்ந்துவிட்டார்கள். சீசன் நேரத்தில் சம்பாதித்தால்தான் அவனுக்கு மற்ற மாதங்களில் அடுப்பு எரியும். அவன் பாறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றார்கள்.

அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். போய்ப் பார்த்தால் உண்மைதான். தூறலில் எண்ணெய்ப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுடலைமுத்து உட்கார்ந்திருந்தான்.

"ஏம்லே பாட மாட்டேங்க?" என்றார் அண்ணாச்சி.

"நான் பாடுனா ஒருத்தனும் தட்டு வாங்க மாட்டான் அண்ணாச்சி. எட்டணா வாங்கிக்கிட்டு உங்க கம்பெனிய நானே மூடுதேன்."

"நீ பாடுதது நாலு ஊருக்குக் கேக்கட்டும்னுதானலே நான் தட்டே போட்டேன். தட்டுக்காவ நீ வாய மூடுனா, நான் எதுக்குலே கம்பெனி நடத்துதேன்?"

சுடலைமுத்து அசையவில்லை. பண்பொழி மலை இருந்த பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டான். "திருமலை முருகன் மேல சத்தியம் பண்ணிட்டேன். தட்டு ஒண்ணுகூட உங்க கைவசம் இல்லன்னு நீங்க வந்து சொல்லுங்க. அன்னைக்குத்தான் பாடுவேன்."

ஊர் திரும்பினோம். பாட்டு நின்றதில் தட்டு கொஞ்சம் விற்கத்தான் செய்தது. அந்த வாரம் பத்தோ பன்னிரண்டோ போனது. அப்படியே பொறுத்திருந்தால் தீபாவளிக்குள் பாதி போயிருக்கும், மதினியும் மனமிரங்கியிருப்பார். கம்பெனி பிழைத்திருக்கும். எனக்கு அந்தக் கணக்கு தெரிந்தது. அவருக்கும் தெரியாமல் இல்லை.

அடுத்த வாரம் ஒற்றை மாட்டு வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். வடக்கே தட்டு அச்சடிக்கிற கம்பெனி ஒன்று பழைய தட்டுகளை எடைக்கு வாங்கிக்கொள்ளும். உருக்கி அந்த அரக்கில் புதுத் தட்டு போடும். அங்கே அனுப்ப வேண்டும் என்றார். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உறை பிரிக்காத புதுத் தட்டுகள். எல்லாவற்றிலும் பச்சைக் குரங்கு பச்சைக் குடையோடு நின்றது. என்ன சரக்கு என்று எழுதட்டும் என்று கேட்டேன்.

"பழைய அரக்குன்னு எழுது."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தீபாவளி வரை பொறுங்கள், நானே சைக்கிளில் வைத்துக் கிராமம் கிராமமாய் விற்றுத் தருகிறேன், கம்பெனி போய்விடுமே என்று என்னென்னவோ சொன்னேன். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பாதி போனாலும் மிச்சம் வித்துத் தீர ரெண்டு வருஷம் ஆவும். ரெண்டு வருஷம் அவன் சும்மா இருக்கணுமாலே? கம்பெனி நான் ஆரம்பிச்சது. பாட்டு அப்படியா?"

எழுதினேன். பழைய அரக்குக்கு லாரிக்கூலி பாதிதான் என்று தெரிந்ததும், இத்தனை வருஷமாக இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். கம்பெனியை மூட வந்த இடத்திலும் செலவு குறைக்க வழி கண்டுபிடித்த மனிதர் அவர். வீட்டில் வைத்திருந்த ஒரு தட்டையும், டீக்கடையில் இருந்து திரும்ப வாங்கிய தட்டையும் அவரே பெட்டியில் வைத்து மூடி ஆணி அடித்தார். முருகன் மேல் செய்த சத்தியத்தில் ஓட்டை விடக்கூடாது என்றார்.

லாரி புறப்பட்டுப் போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஐந்தருவிக்குப் போனோம். ஒன்றுகூடக் கைவசம் இல்லை என்று சொன்னார். சுடலைமுத்து நம்பவில்லை. கடையில்? இல்லை. வீட்டில்? இல்லை. மதினியிடம்? அவளிடமும் இல்லை. யார் வாங்கினது என்று கேட்டான்.

"வடக்க ஒரு பெரிய கம்பெனி. மொத்தமா எடுத்துட்டாங்க."

சுடலைமுத்து முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணாச்சி சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. தட்டில் இடம் போதாமல் விட்டிருந்த படிகளையும் சேர்த்துப் பாடினான். அருவியில் நின்றவர்கள் தலை துவட்டாமல் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். பாட்டு முடிந்ததும் பத்துப் பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அண்ணாச்சி எழுந்து எட்டணா கொடுத்தார். சுடலைமுத்து வாங்க மறுத்தான். வேலைக்குக் கூலி வாங்காதவன் வேலையை மதிக்காதவன் என்று அதட்டிக் கையில் திணித்துவிட்டு வந்தார்.

எடைக்குப் போட்ட அரக்குப் பணத்தில் மதினி குடைத்துணி வாங்கினார். சாரல் ரிக்கார்டு கம்பெனி அதோடு சரி. நான் அதற்குப் பிறகு லாரி ஆபீஸ், அரிசி மில், பத்திரிகை என்று எத்தனையோ முதலாளிகளிடம் வேலை பார்த்துவிட்டேன். கெட்டிக்காரர்கள் நிறையப் பேர், லாபம் பார்த்தவர்கள் நிறையப் பேர். சம்பளமே வேண்டாம், கூப்பிட்டால் போதும், ஓடிப்போய் நிற்கலாம் என்று எனக்குத் தோன்றிய முதலாளி அவர் ஒருவர்தான். மனுஷன் கடைசிவரை கூப்பிடவில்லை.